770 டாலர் வாங்கிக்கொண்டு ஆற்றுக்கல்லைச் சுட்டார்கள்: ஸ்வெட் லாட்ஜ் புக் பண்ணும் முன் படியுங்கள்

போன சனிக்கிழமை வீணாய்ப் போன பணம். ஆளுக்கு 385, மனைவிக்கும் எனக்குமாக 770 டாலர். வட அரிசோனாவில் "பாரம்பரிய லகோட்டா ஸ்வெட் லாட்ஜ், நான்கு சுற்று, எரிமலைக் கல், வில்லோக் குடில், 12 பேர் மட்டும்" என்று போட்டிருந்தார்கள். ஸ்வெட் லாட்ஜ் என்றால் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி, அந்த நீராவியில் வியர்க்க உட்காரும் மூடிய குடில்; லகோட்டா என்பவர்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள். சுற்றுலா அனுபவங்களை விற்கும் ஒரு தளத்தில் புக்கிங். தளத்தின் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அதனால் பெயர் இல்லை.

தெரியாமல் ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். இந்தச் சடங்கை லகோட்டா மக்கள் இனிபி என்பார்கள், அதற்குக் கட்டணமே கிடையாது. தண்ணீர் ஊற்றி நடத்துபவரிடம் ஒரு பொட்டலம் புகையிலை கொடுத்துக் கேட்க வேண்டும். விறகு அடுக்கக் கை கொடுக்க வேண்டும். முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட ஏதாவது சமைத்துக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான். இதை விலைக்கு விற்பவர்களுக்கு எதிராக லகோட்டா, டகோட்டா, நகோட்டா மக்கள் 1993-லேயே "போர்ப் பிரகடனம்" என்று பெயர் வைத்தே தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் நடத்துபவருக்கே போன் போட்டுக் கேட்டேன், சடங்குக்குக் காசு வாங்கலாமா என்று. அந்த ஆள் ஒரு நொடி தயங்கவில்லை. "சடங்குக்கு யார் வாங்கினார்கள்? இது இடத்துக்கு, விறகுக்கு, சாப்பாட்டுக்கு." கடைசியாக "மிடாகுயே ஓயாசின்" என்றார். "எல்லாரும் என் உறவு" என்று பொருள், குடிலுக்குள் தவழ்ந்து நுழையும்போது சொல்வது. அந்த இரண்டு சொல்லுக்கு விழுந்தேன். அந்த நிமிடமே கார்டில் 770 டாலர் போனது. சாப்பாடு என்றாரே, அது ஆளுக்கு அரை ஆரஞ்சுப் பழம்.

முதல் எச்சரிக்கை மணி பணம் கட்டிய மறுநாளே அடித்தது. "24 மணி நேரம் உணவும் தண்ணீரும் கூடாது" என்று மெயில். புதிதாக வருபவர்களிடம் இப்படிச் சொல்வது வடிகட்டிய மடத்தனம். முந்தின நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து வர வேண்டும், சில மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட வேண்டும், மது தொடக் கூடாது. நாள்கணக்கில் பட்டினி கிடந்து தரிசனம் தேடுவது வேறு சடங்கு. அதற்குத் தயார் செய்யவும் காவல் இருக்கவும் பெரியவர்கள் இருப்பார்கள். 2009 அக்டோபர் 8 அன்று இதே அரிசோனாவில், செடோனா பக்கத்தில், ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஆளுக்கு 9,000 டாலருக்கு மேல் வாங்கி, 36 மணி நேரம் பட்டினி போட்டு, ஐம்பது பேருக்கு மேல் ஒரே குடிலில் அடைத்தார். மூன்று பேர் செத்தார்கள். 2011-ல் அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்படுத்தியதாகத் தீர்ப்பாகி இரண்டு வருடச் சிறைத் தண்டனை. அந்தக் கதை இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. அதற்குப் பிறகும் இப்படி ஒரு மெயில்! நாங்கள் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனோம்.

போய்ப் பார்த்தால் குடிலின் எலும்புக்கூடே பிளாஸ்டிக் பைப். பச்சை வில்லோ மரக் கொம்புகளை, பெரும்பாலும் பதினாறு, தரையில் நட்டு வளைத்துக் கட்டுவதுதான் முறை. மேலே கம்பளியும் கான்வாஸும் அடுக்குவார்கள். இங்கே நீல நிற பிளாஸ்டிக் தார்ப்பாய். அது காற்றை விடாது, சூடானால் நாறும். உள்ளே ஏற்கனவே நீராவி, வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும், உடம்பு குளிர வழியே இருக்காது. அதற்குள் 12 பேர் என்று சொல்லிவிட்டு 23 பேரை முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வைத்தார்கள். சுட்ட கல்லைப் போடக் குடிலின் நடுவில் தோண்டும் குழியின் மண்ணை வாசலுக்கு எதிரே சிறு மேடாகக் குவித்திருப்பார்கள். அந்த மேட்டுக்கும் நெருப்புக்கும் நடுவில் யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள். இவர்கள் அந்த இடத்தில்தான் கேமரா ஸ்டாண்டை நட்டிருந்தார்கள்.

கல்தான் உச்சம். எரிமலைக் கல்லை இரண்டு மூன்று மணி நேரம் விறகில் அடுக்கிச் செஞ்சிவப்பாகச் சுடுவார்கள். முதலில் ஏழு மட்டும் உள்ளே வரும்: நான்கு திசை, வானம், பூமி, நடு. மற்றவை சுற்றுக்குச் சுற்று கொஞ்சமாக. இவர்கள் ஓடையிலிருந்து பொறுக்கிய வழவழப்பான கல்லைச் சுட்டு முப்பதுக்கு மேல் ஒரே தடவையில் கொட்டினார்கள். ஆற்றுக்கல்லின் நுண்துளைகளில் ஈரம் ஒளிந்திருக்கும். தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும், வெளியேற வழி இல்லையென்றால் கல்லே தெறிக்கும். தெறித்தது. இரண்டாவது செம்புத் தண்ணீர் ஊற்றியதும் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், முன்வரிசைப் பெண்ணின் முழங்காலில் சூட்டுக்காயம்.

சுற்று முடிந்ததும் வாசல் திறக்க வேண்டும். நடுவில் யாராவது கேட்டாலும் திறக்க வேண்டும், வெளியே நெருப்பு பார்ப்பவர் அதற்கும்தான் நிற்கிறார். இங்கே வெளியே ஆளே இல்லை. ஒருவர் வாந்தி எடுத்தார், "விஷம் வெளியே போகிறது, தாங்குங்கள்" என்றார் அந்த மகான். என் மனைவிதான் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள், பின்னாலேயே பாதிப் பேர். நான்கு சுற்று என்றது இரண்டோடு சரி. அதற்கு 770 டாலர்.

இனி தளத்தின் கூத்து. ஞாயிறு: "அனுபவம் நிறைவடைந்ததாகப் பதிவாகியுள்ளது." திங்கள்: "நீங்களாகவே வெளியேறியதாக நடத்துநர் தெரிவிக்கிறார்." சாட்டில் மூன்று பெயரில் மூன்று பேர், மூவரும் அதே வரியை ஒட்டினார்கள். படம் அனுப்பினேன், கல், பைப், தார்ப்பாய் எல்லாம். "பாரம்பரிய முறைகள் இடத்துக்கு இடம் மாறுபடலாம்" என்று எனக்கே பாடம். நேற்று 50 டாலர் கூப்பன், அதுவும் 90 நாளுக்குள் அதே தளத்தில் செலவழிக்க வேண்டுமாம். 770 எங்கே, 50 எங்கே. கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

எதைப் பார்த்து முடிவு செய்வது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. விலை போட்டிருந்தால் போகாதீர்கள், "விறகுக்கு" என்றாலும் போகாதீர்கள். யார் அழைத்தார்கள், நடத்துபவர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். பிரஷர் மாத்திரை, நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் உள்ளே போகவே வேண்டாம். எங்களிடம் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். தாலி, மோதிரம், கான்டாக்ட் லென்ஸ் கழற்றிவிடுங்கள், பருத்தித் துணி போடுங்கள், வாசல் பக்கம் உட்காருங்கள். தலை சுற்றினால் யாரையும் கேட்காமல் வெளியே வாருங்கள்.

பணம் கட்டும் முன்பே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. ஞாயிறு ராத்திரி பார்த்தபோது "எரிமலைக் கல்" என்ற வார்த்தையும் "12 பேர் மட்டும்" என்ற வரியும் அங்கே இல்லை. விலை மட்டும் அப்படியே இருந்தது, ஆளுக்கு 385.