நடுகல்லுக்குப் பின்னால் எந்த நிறம்: வெள்ளையா, சாம்பலா, காவியா?

தர்மபுரியில் உள்ளலங்கார வேலை செய்கிறேன். வீடு, கடை என்றால் உரிமையாளருக்குப் பிடித்த நிறத்தை அடித்தால் முடிந்தது. கண்காட்சிக் கூடம் அப்படியில்லை. அங்கே சுவர் யாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை, முன்னால் இருக்கும் பொருள் தெரிய வேண்டும். இங்குள்ள கல்லூரி ஒன்று, சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக்கற்களான நடுகற்களுக்குச் சிறிய காட்சிக்கூடம் கேட்டபோது, ஷேடு கார்டை வைத்து முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிளைவுட் பலகைகள் மூன்றை வாங்கிப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குச் சாம்பல், ஒன்றுக்குக் காவி ஏற்றினோம். கல்தச்சர் செதுக்கித் தந்த மூன்றடி நடுகல் மாதிரியை ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்திப் பார்த்தோம்.

துறைத் தலைவர் கேட்டது வெள்ளைதான். “மியூசியம்னா வெள்ளைதானே தம்பி?” என்றார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் இந்த வழக்கத்துக்கு நூறு வயதுதான் இருக்கும். ஐரோப்பாவின் பழைய ஓவியக் கூடங்களில் அடர் சிவப்பும் பச்சையும்தான் அதிகம். 1929இல் தொடங்கிய நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் போன்ற இடங்கள் வழியாகத்தான் வெற்று வெள்ளைச் சுவர் உலகமெங்கும் பரவியது. அந்த ஓவியங்களுக்கு அது பொருந்தியது. கல்லின் கதை வேறு.

வெள்ளை எமல்ஷன் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். நம் ஊர்ச் சாம்பல் கல் அதில் பாதிகூடத் தராது. கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால் கல் இன்னும் கறுத்துப் போகிறது. வெள்ளைப் பலகையின் முன் கல்லின் வெளிக்கோடு கத்தி போல நின்றது. உள்ளே செதுக்கியிருந்த வீரன்தான் காணாமல் போனான். ஓங்கிய வாள் தெரிந்தது, மார்பில் தைத்த அம்பு தெரியவில்லை. தொறு, அதாவது கவர்ந்து போன மாட்டு மந்தையை, மீட்கப் போனவன் எப்படிச் செத்தான் என்று சொல்வதே அந்த அம்புதான். நடுகல் சிற்பம் பெரும்பாலும் புடைப்பு குறைந்தது. நிழல் விழுந்தால்தான் உருவம் வரும். பக்கச் சுவரும் வெள்ளையாக இருந்தால் அந்த ஒளி தெறித்து வந்து இருக்கிற கொஞ்ச நிழலையும் கழுவிவிடும். வெட்டெழுத்துக்கும் இதே கதிதான்.

சாம்பலில் நிலைமை உடனே மாறியது. கண் கூசவில்லை, அம்பு தெரிந்தது. ஆனால் முதலில் எடுத்த ஷேடு கல்லின் நிறத்துக்கு மிக நெருக்கம். பத்தடி தள்ளி நின்றால் கல் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே புரியவில்லை. இரண்டு படி அடர்த்தியாக மாற்றிய பிறகு சரியாயிற்று. நீலம் பாய்ந்த 6500 கெல்வின் டியூப் லைட்டில் மட்டும் கல், சுவர் இரண்டுமே சிமெண்டுப் பூச்சு போலச் செத்துக் கிடந்தன. புகைப்படங்களும் வரைபடங்களும் மாட்டுவதாக இருந்தால் யோசிக்காமல் சாம்பலையே சொல்வேன்.

காவிக்கு வருகிறேன். கோயில் மதிலின் பட்டைக் காவி இல்லை, அது கல்லைத் தின்றுவிடும். மெஷினில் கலந்து வந்த காவியும் பளீரென்று இருந்ததால், கறுப்பு சேர்த்து நம் செம்மண் காட்டின் நிறத்துக்கு இறக்கினோம். அதன் முன்னால் கல்லை வைத்ததும், மழையில் நனைந்த கல் போலக் குளிர்ந்த நிறம் ஒன்று அதில் எழுந்தது. இதற்குக் காரணம் உண்டு. பாரிசின் கோப்லன் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் செவ்ரொல், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை 1839இல் நூலாகவே எழுதினார். செம்மைக்கு எதிர்நிறம் நீலம் கலந்த பச்சை. சுவர் சிவக்கச் சிவக்க, நடுவில் நிற்கும் சாம்பல் அந்தப் பக்கம் சாய்கிறது. கல்லில் எதையும் பூசாமலே கல்லின் நிறம் உயிர் பெறுகிறது. வயல்வெளியில் செம்மண்ணுக்கு நடுவே நடுகல்லைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி ஏற்கெனவே பழக்கம்.

குறைகளும் உண்டு. “சேப்பு மூணு கோட்டு கேக்கும்ணா” என்று பெயிண்டர் முதலிலேயே சொன்னார், அப்படியே ஆயிற்று. அடியில் சாம்பல் பிரைமர் கொடுத்தால் ஒரு கோட்டு மிச்சமாகும். மேட்தான் அடிக்க வேண்டும், பளபளப்பு இருந்தால் விளக்கு சுவரிலேயே ஒரு வெள்ளைத் திட்டாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அடர் மேட்டில் தோள் உரசினாலும் கோடு விழும், டச்சப் செய்த இடம் தனியாகத் தெரியும். சாயம் மங்காதிருக்க ரெட் ஆக்சைடு நிறமியில் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். நான்கு சுவருக்கும் காவி அடித்தால் அறையே இருண்டுவிடும், தெறிக்கும் ஒளியில் கல்லும் விளக்கப் பலகையும் சிவந்துவிடும். பின்சுவருக்கு மட்டும் காவி, பக்கங்களுக்கு அடர் சாம்பல் என்பதே என் தேர்வு.

காவியை எல்லாவற்றுக்கும் சொல்ல மாட்டேன். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் கடை போடுகிறவர் கேட்டால் வேண்டாம் என்பேன், செந்தூராவின் கன்னச் சிவப்பை அது விழுங்கிவிடும். காய் நிறத்துத் தோத்தாபுரியைப் பச்சைத் துணியில் அடுக்குவதும் அதே தவறு. அடர் நீலம் வையுங்கள், பங்கனபள்ளியின் மஞ்சள் தானாக எழுந்து வரும். கிருஷ்ணகிரி கிரானைட் ஷோரூம்களின் கறுப்புப் பலகைகளுக்கு வெள்ளைதான் சரி. ஆனால் பாலிஷ் போட்ட கல் கண்ணாடி மாதிரி என்பதால் எதிர்ச்சுவரையும் காட்டும். அதையும் பார்த்து நிறம் கொடுக்க வேண்டும்.

காலை வெயிலில், மதியம், விளக்கொளியில் என மூன்று நேரமும் பலகைகளைப் பார்த்தோம். மாலையில் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேலுள்ள, மஞ்சள் சாயல் கொண்ட 3000 கெல்வின் விளக்கு ஒன்றைக் கல்லுக்குப் பக்கவாட்டில், ஒளி கல்லைத் தடவிப் போகும்படி சாய்த்து வைத்தேன். காவிப் பலகையின் முன்னால் துறைத் தலைவர் வெகுநேரம் நின்றார். அப்புறம் குனிந்து, அந்த அம்பின் மேல் விரலை வைத்தார்.