வலிக்கும் பாதமும் மரத்த பாதமும்: சித்தூர்–வேலூர் எல்லைப் பகுதியில் காலணித் தேர்வு

சித்தூர், குடியாத்தம், காட்பாடி வட்டாரத்தில் கால் தொந்தரவோடு காலணி தேடுபவருக்கு நான்கு வழிகள் உள்ளன. கடைத்தெருவில் 'டாக்டர் செருப்பு' என்று விற்கப்படும் மெத்தென்ற செருப்பு, மருத்துவமனைப் பட்டறையில் செய்து தரும் எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பு, இன்சோல் எனும் உள்ளட்டையை மாற்றிப் போடக்கூடிய விளையாட்டு ஷூ, ஆம்பூர் தோல் ஷூ ஆகியவையே அவை. கடையில் பெரும்பாலோர் முதலில் விலையையும் பிறகு மென்மையையும் பார்க்கிறார்கள். இவற்றுக்கு முன்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, பாதம் வலிக்கிறதா அல்லது உணர்ச்சி குறைந்து மரத்துப் போயிருக்கிறதா என்பதுதான். முதல் வகைப் பாதத்துக்கு இதம் தரும் செருப்பே இரண்டாம் வகைப் பாதத்தில் புண் உண்டாக்கக்கூடும் என்பதால், இந்த நான்கையும் எல்லோருக்குமாகச் சேர்த்து வரிசைப்படுத்த முடியாது.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலில் குத்தும் வலியும், நெடுநேரம் நின்றபின் பாதத்தின் உள்வளைவில் எழும் இழுப்பும் அங்கே உணர்ச்சி இருப்பதைக் காட்டுகின்றன. ஆனால் சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக உள்ளவர்கள் வலி இல்லை என்பதையே நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைச் செய்துகொள்ளாமல் இவர்கள் காலணிக் கடைக்குப் போவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

டாக்டர் செருப்பின் பலம், அது எளிதில் கிடைப்பதும் சில நூறு ரூபாயில் முடிவதும்தான். வீட்டுக்குள் சிமெண்ட் தரையிலும் டைல்ஸ் தரையிலும் வெறுங்காலோடு நடந்து குதிகால் வலியை வளர்த்துக்கொண்டவர்களுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் கையால் அழுத்தும்போது தெரியும் மென்மையும், உடல் எடை முழுவதும் இறங்கும்போது கிடைக்கும் தாங்குதலும் ஒன்றல்ல. மிக மிருதுவான நுரை சில மாதங்களிலேயே குதிகால் இடத்தில் நசுங்கிப் பள்ளமாகிவிடுகிறது. வாங்கும்போது செருப்பின் இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பார்க்க வேண்டும்: விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுவில் இரண்டாக மடிந்தால் அது உள்வளைவைத் தாங்காது. விரலிடுக்கில் வார் வரும் செருப்பை மரத்த பாதம் உள்ளவர்கள் அணியவே கூடாது. வார் உரசுவதும் செருப்பு கழன்று விழுவதும் அவர்களுக்குத் தெரியாது. அடிப்பாகம் முழுவதும் முள்முள்ளாகப் புடைத்திருக்கும் அக்குபிரஷர் செருப்பு அவர்களுக்கு இன்னும் ஆபத்தானது.

வலிக்கும் பாதத்துக்கு, குறிப்பாகக் குதிகால் வலி உள்ள பாதத்துக்கும் தட்டைப் பாதத்துக்கும், நான் முதலிடம் தருவது விளையாட்டு ஷூவுக்கே. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி விரலால் அழுத்தினால் உள்ளே போகாத அளவுக்கு உறுதியாகவும், முன்பகுதி விரல்கள் விரிந்து நிற்கும் அளவுக்கு அகலமாகவும், உள்ளே உள்ள இன்சோல் கழற்றி எடுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். உள்வளைவைத் தாங்கும் தனி இன்சோலைப் பழைய இன்சோலின் மேலேயே வைத்தால் ஷூவின் உயரம் குறைந்து விரல்களின் மேற்புறம் உரசும். ஆகவே பழையதை எடுத்துவிட்டே புதியதை இட வேண்டும். இதன் குறை, வேலூர் வெயிலில் நாள் முழுவதும் மூடிய ஷூ அணிவது கடினம் என்பதும், வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டியிருப்பதால் பலர் ஒரு வாரத்தில் ஓரமாக வைத்துவிடுகிறார்கள் என்பதும்தான்.

மரத்த பாதத்துக்கு எம்.சி.ஆர். செருப்புக்கு நிகராக மற்ற மூன்றில் எதுவும் இல்லை. இதன் வரலாறு இந்த மண்ணோடு சேர்ந்தது. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்கள் சதை தானாக அழுகுவதால் வருபவை அல்ல, உணர்ச்சியற்ற பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தாலும் காயத்தாலும் வருபவை என்று காட்டினார். அந்தப் புரிதலிலிருந்துதான் நுண்ணறை ரப்பரால் ஆன செருப்பு வேலூரிலும், 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் வளர்ந்தது. அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மென்மையான உள்தளம், முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான அடித்தளம், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்வார், ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்த வேலை ஆகிய நான்கும் சேர்ந்ததே நல்ல எம்.சி.ஆர். செருப்பு, அந்தப் பெயரில் கடையில் விற்பவை எல்லாவற்றிலும் இந்த நான்கும் இருப்பதில்லை. ஒரு காலத்தில் இதன் தோற்றமே அணிபவரைத் தொழுநோயாளி என்று காட்டிக்கொடுத்ததால் பலர் அணிய மறுத்தார்கள். இன்று சாதாரணச் செருப்பு போலவே செய்கிறார்கள் என்பதால், பெரியவர்களிடம் அதை எடுத்துச் சொல்லி அணியச் செய்வது வீட்டில் உள்ளவர்களின் கடமை. ஏற்கெனவே புண் இருந்தாலோ பாதத்தின் உருவம் மாறியிருந்தாலோ ஆயத்தச் செருப்பு போதாது; மருத்துவர் பார்த்து அளவெடுத்தே செய்ய வேண்டும்.

ஆம்பூர் தோல் ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல தோல் பாதத்துக்கு ஏற்ப நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால், பெருவிரல் மூட்டு புடைத்திருப்பவர்களுக்கு அகல முனை உள்ள, கயிறு கட்டும் வகை ஏற்றது. கூர்முனை ஷூ எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இந்த நான்கிலும் அடங்காத ஒரு தேவையும் இங்கே இருக்கிறது. மாம்பழப் பருவத்தில் சித்தூர்ப் பக்கத்துக் கூழ்த் தொழிற்சாலைகளில் ஈரத் தரையில் மணிக்கணக்கில் நிற்கும் பெண்களுக்குத் தோல் வார் வைத்த செருப்பு தாங்காது. கழுவிக் காயவைக்கக்கூடிய, பின்வார் உள்ள, முழுதும் வார்த்தெடுத்த செருப்பே அவர்களுக்குப் பொருந்தும். ஆனால் அடியில் உள்ள வரிப்பள்ளங்கள் தேய்ந்த உடனே மாற்றாவிட்டால் வழுக்கும்.

எதை வாங்கினாலும் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குவது நல்லது. காகிதத்தில் நின்றபடி இரு பாதங்களையும் வரைந்து, அந்த வரைபடத்தை வெட்டிக் காலணிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரங்கள் மடங்கினால் அந்தக் காலணி குறுகலானது. நீளத்தில், பெருவிரலுக்கு முன்னால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். மரத்த பாதம் உள்ளவர்கள் இறுக்கமாக இருந்தால்தான் காலணி காலில் இருப்பதை உணர்கிறார்கள். அதனால் தங்களை அறியாமலே சிறிய அளவைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஆகவே அவர்கள் 'சரியாக இருக்கிறது' என்று சொல்வதை நம்பாமல் இந்தக் காகிதத்தையே நம்ப வேண்டும். இணையத்தில் அளவு எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதை இவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

காணிப்பாக்கத்துக்கும் திருமலைக்கும் போகும்போது எந்தக் காலணியும் உதவாது. அலிபிரியிலிருந்து ஏறக்குறைய 3,550 படிகளை வெறுங்காலோடு ஏறுவது மரத்த பாதம் உள்ளவர்களுக்குத் தகாது; கோயில் பிராகாரத்துக் கல் வெயிலில் சுட்டுக் கொப்புளம் எழுந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துக்கொண்டு, தடித்த காலுறை அணிந்து, வீடு திரும்பியதும் இரு உள்ளங்கால்களையும் வேறொருவரிடம் காட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.