திபெத்தில் எட்டு நாள்: எந்த உயரத்தில் தூங்க வைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்த விமர்சனத்தில் பனிமலையைவிட மூச்சைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த அக்டோபர் கடைசியில், லாசாவிலிருந்து எவரெஸ்டின் வடக்கு அடிவாரம் வரை போய்த் திரும்பும் சிறு குழுப் பயணம் ஒன்றில் சேர்ந்தேன். கட்டணம் 8,600 யுவான், ரயில் டிக்கெட் தனி. "அதிகபட்சம் எட்டுப் பேர்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். லாசா ரயில் நிலையத்தில் எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர். கேட்டதற்கு, இரண்டு குழுக்களை ஒன்றாக்கிவிட்டோம், வண்டியில் இடம் இருக்கிறது என்றார்கள். இடம் இருந்தது உண்மைதான். எட்டு நாளும் என் பை என் மடியில் இருந்ததும் உண்மைதான்.

திபெத்துக்குள் வெளிநாட்டவர் தம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. சீன விசாவுக்கு மேல் திபெத் பயண அனுமதிச் சீட்டு வேண்டும். அதை நாமே வாங்க முடியாது, பயண நிறுவனம்தான் விண்ணப்பித்து வாங்கித் தரும். வழிகாட்டியும் வண்டியும் கட்டாயம். ஆகவே எந்த நிறுவனத்தில் போனாலும் பார்ப்பது அதே பொதாலா அரண்மனை, அதே யாம்ட்ரோக் ஏரிதான். விளம்பரப் படங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. வழிகாட்டி எப்படிப்பட்டவர், ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்க வைக்கிறார்கள் என்ற இரண்டைத்தான் விசாரிக்க வேண்டும். முதலாவதில் எனக்கு அதிர்ஷ்டம். இரண்டாவதில் இந்த நிறுவனம் தோற்றது.

சீனாவின் ஷினிங் நகரிலிருந்து லாசாவுக்கு ரயிலில் வந்தேன். ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரம். வழியில் 5,072 மீட்டரில் தங்குலா கணவாயைக் கடக்கிறது. பெட்டிக்குள் ஆக்சிஜன் விடுகிறார்கள், படுக்கைக்குப் பக்கத்தில் மூக்குக் குழாய் மாட்டிக்கொள்ளவும் வசதி உண்டு. ரயிலில் வந்தால் உடம்பு உயரத்துக்குப் பழகிவிடும் என்று சொல்வார்கள். ஒரு நாளில் பழகும் உடம்பை நான் பார்த்ததில்லை. லாசா 3,650 மீட்டர். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் என் ஆக்சிமீட்டர் ஷினிங்கில் 95 காட்டியது, லாசாவில் முதல் இரவு 86. அந்த உயரத்தில் அது பயப்பட வேண்டிய எண் இல்லை. என் அறைத்தோழிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் மூச்சு பத்து வினாடி நிற்கும், பிறகு திடுக்கென்று இழுத்து விடுவார். உயரமான இடத்துத் தூக்கத்தில் இப்படி நடப்பது சகஜம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பழக்க தோஷம், பாதி இரவு எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

லாசாவில் மூன்று இரவுகள் கொடுத்ததற்கு முழு மதிப்பெண். முதல் நாள் ஒன்றும் செய்யவிடாமல் அறையில் உட்கார வைத்தார் வழிகாட்டி. முப்பது வயதுக்குள் இருக்கும், லாசாவிலேயே பிறந்தவர். என்னை "அமா-லா" என்று கூப்பிட்டார். அம்மாவை மரியாதையாகச் சொல்லும் திபெத்தியச் சொல். எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பொதாலாவின் படிகளில் அவர் எங்களை ஏற்றிய விதத்தைப் பார்த்தபோதுதான் இவர் தொழில் தெரிந்தவர் என்று புரிந்தது. உள்ளே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் அனுமதி, படம் எடுக்கக் கூடாது. சொல்ல வேண்டியதையெல்லாம் வெளியே படியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கதை கேட்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் மூச்சு வாங்க வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தலாய் லாமா 1645இல் கட்டத் தொடங்கியது இப்போதுள்ள அரண்மனை. நாங்கள் போன வாரம் சுவருக்கு வெள்ளையடிக்கும் பருவம். சுண்ணாம்பில் பாலும் சர்க்கரையும் தேனும் கலந்து வாளி வாளியாகச் சுவரில் ஊற்றுகிறார்கள், எட்டாத இடத்துக்குக் கயிற்றில் தொங்குகிறார்கள். என் செருப்பில் பட்ட சொட்டை இன்னும் நான் துடைக்கவில்லை. மேலே தெரியும் கருஞ்சிவப்புப் பட்டை வெறும் சாயம் என்று நினைத்திருந்தேன். மெல்லிய குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிச் சிவப்பேற்றியிருக்கிறார்கள். சுவருக்குப் பாரமும் குறைவாம்.

ஜோகாங் கோயிலைச் சுற்றியுள்ள பார்கோர் தெருவை இரண்டு தடவை வலம் வந்தோம். இங்கும் வலம்தான். கையில் மரக்கட்டை மாட்டிக்கொண்டு தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழும் பாட்டிகளுக்கு முன்னால் என் முழங்கால் வலியைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. செரா மடத்தில் பிற்பகல் தர்க்கம். கேட்பவர் நின்றுகொண்டு கைதட்டிக் காலை ஓங்கி வைத்துக் கேள்வியை எறிகிறார், உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு சொல் புரியாமலே யார் மாட்டிக்கொண்டார் என்பது தெரிந்தது. ஒரு வேண்டுகோள்: வழிகாட்டியிடம் அரசியல் கேட்காதீர்கள். நாம் ஊர் திரும்பிவிடுவோம், அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு நான் சைவம், சமாளிக்க முடிந்தது. வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்த சம்பா எனக்குச் சத்துமாவு உருண்டை மாதிரியே இருந்தது. துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பில் மட்டும் எச்சரிக்கை, மேலே காய்கறி மிதந்தாலும் சாறு எலும்பில் காய்ச்சியதாக இருக்கும். வெண்ணெய்த் தேநீரை ஒரு வாய் குடித்ததும் வீட்டுக்காரம்மா நிரப்பிவிடுவார். போதும் என்றால் கோப்பையை நிறைந்தபடியே விட்டுவிட்டு, கிளம்பும்போது குடிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து கோப்பை ஆனது.

நான்காம் நாள் யாம்ட்ரோக் ஏரி, கரோலா பனியாறு, கியான்சேயின் கும்பும் ஸ்தூபி எல்லாம் ஒரே நாளில். எழுபதுக்கும் மேற்பட்ட சிறு சந்நிதிகள் கொண்ட ஸ்தூபிக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். அநியாயம். அன்று இரவு ஷிகாட்சே, 3,840 மீட்டர்.

அடுத்த இரவே எவரெஸ்ட் அடிவாரத்து ரோங்புக், ஏறக்குறைய 5,000 மீட்டர்! மூவாயிரத்துக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அரிச்சுவடி. இவர்கள் ஆயிரத்துக்கும் மேல் ஏற்றினார்கள். மாலையில் மேகம் விலகிப் பத்து நிமிடம் சோமோலுங்மா தெரிந்தது. திபெத்தியர் எவரெஸ்டை அப்படித்தான் அழைக்கிறார்கள். பார்த்தேன், அழுதேன், அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. தங்கியது கவரிமாவின் முடியில் நெய்த கறுப்புக் கூடாரம். ஒரு மயிர் உதிர்ந்தால் உயிர்விடும் என்று பள்ளியில் படித்த கவரிமா, கூடாரத்துக்கே முடி கொடுத்துவிட்டு வெளியே நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. உள்ளே சாண அடுப்பு. கழிப்பறையைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. டார்ச் கொண்டு போங்கள், கீழே அடிக்காதீர்கள்.

இரவு ஒரு மணிக்கு எங்களில் மிகத் திடகாத்திரமானவர், நாற்பது வயது ஓட்டக்காரர், வாந்தி எடுத்தார். தலைவலி தாங்கவில்லை என்றார். ஆக்சிமீட்டரில் 62. குதிகாலோடு விரல் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்தார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அறிகுறி அது, விடியும் வரை காத்திருக்க முடியாது. "வாகனத்தில் மருத்துவ ஆக்சிஜன்" என்று நிறுவனம் வாக்குக் கொடுத்திருந்தது. வந்தது கடைகளில் விற்கும் கையடக்க டப்பா, சில நிமிடங்களில் தீர்ந்துபோகும் சங்கதி. சுற்றுலா வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில்தான் மேலே வரவிடுகிறார்கள் என்பதால் எங்கள் வண்டியும் பக்கத்தில் இல்லை.

வழிகாட்டி கூடாரக்காரரை எழுப்பி அவர் வண்டியை வாங்கினார். ஷேகர் ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். "கூடாது அமா-லா, அதற்கு 5,200 மீட்டர் காவு லா கணவாயை மறுபடி ஏற வேண்டும்" என்றார். அதே பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 800 மீட்டர் கீழே இருக்கும் தாஷி சோம் கிராமத்துக்கு இறக்கினார். எனக்கு அது தோன்றியிருக்காது. நான்கு மணிக்கு ஓட்டக்காரருக்கு 79. காலையில் கஞ்சி கேட்டார். சூரிய உதயத்தில் பொன்னிறமாகும் சிகரத்தை மற்ற ஒன்பது பேரும் பார்த்தார்கள். நான் பார்த்தது ஆக்சிமீட்டரின் சிவப்பு எண்களை.

ஐந்துக்கு என்ன கொடுப்பது? வழிகாட்டிக்கு ஐந்து. பயண நிரல் போட்டவருக்கு ஒன்று. தாஷி சோமில் தூங்க வைத்துவிட்டு ரோங்புக்கைப் பகலில் காட்டும் நிறுவனம் கிடைத்தால், கட்டணம் கூடுதலானாலும் அதில் போங்கள். போகும் முன் மருத்துவரைப் பார்த்து, உயர நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இத்தனையும் நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்திருக்கிறது.

கடைசி நாள் என் ஆக்சிமீட்டரை வழிகாட்டியிடமே கொடுத்துவிட்டேன், இரண்டு உபரி பேட்டரிகளோடு.