பழைய சிபியுவுக்கு ஜிடி 710 கார்டு: வாங்கலாமா, வேண்டாமா?

சேலத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் "பழைய சிபியுங்க, டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ் திக்காம ஓடணும், சின்னதா ஒரு கிராபிக்ஸ் கார்டு குடுங்க" என்று கேட்டால், கவுண்டர் மேல் வருவது பெரும்பாலும் என்விடியா ஜிடி 710 தான். 2 ஜிபி, டிடிஆர்3. தனி பவர் கேபிள் வேண்டாம், ஒல்லிப் பெட்டியிலும் அடங்கும், விசிறி இல்லாத மாடலும் உண்டு, பழைய விஜிஏ மானிட்டரையும் மாட்டலாம் என்பார்கள். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் கண்ணாடி போன்ற மெனு, இழுத்தால் நெளியும் ஜன்னல், மங்கலான பின்னணி என்று எதற்காகக் காசு போடுகிறோமோ, அந்த வேலைக்கு இது எவ்வளவு தேறும்? விண்டோஸ் 10-ல் நன்றாகவே தேறும். லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒப்பேற்றும். லினக்ஸின் பகட்டான டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மா 6-ஐ வேலண்டில் (ஜன்னல்களைத் திரையில் காட்டும் புது முறை; பழையது எக்ஸ் 11) ஓட்ட நினைப்பவர் இதைத் தொட வேண்டாம்.

கார்டு சந்தைக்கு வந்தது 2016 ஜனவரியில். உள்ளே இருக்கும் சிப் அதற்கும் முந்தைய கெப்ளர் தலைமுறை. 192 கோர், 64 பிட் மெமரி பாதை, டிடிஆர்3 வகையில் மெமரி வேகம் நொடிக்கு 14.4 ஜிபி. மின்சாரம் 19 வாட் மட்டுமே. 235 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கொண்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 780 ஒல்லிப் பெட்டி கூட இதைச் சுமையாக நினைக்காது. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் '2 ஜிபி'யை மறந்துவிடலாம். கவனிக்க வேண்டியது அந்த 14.4.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேம் 8.3 எம்பி. நொடிக்கு 60 ஃபிரேம் எழுத ஏறக்குறைய 500 எம்பி. ஜன்னல்களின் படத்தைப் படிக்க இன்னொரு 500, முடிந்த படத்தை மானிட்டருக்கு அனுப்ப மற்றொரு 500. ஒரே ஒரு ஜன்னல் முழுத்திரையில் இருந்தாலே 1.5 ஜிபி போய்விடுகிறது. நாலு ஜன்னல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு. பிளர் (மங்கலான பின்னணி) போட்டால் அடியில் இருக்கும் பகுதியைச் சுருக்கி, விரித்து, மறுபடி மறுபடி படித்து எழுத வேண்டும். கோர் எண்ணிக்கை இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. மெமரியின் வேகம்தான் எஃபெக்ட்ஸின் வேகம்.

அந்தக் கணக்கோடு உங்கள் மதர்போர்டைப் பாருங்கள். இன்டெல் ஜி41, கியூ45 சிப்செட்டில் இருக்கும் எக்ஸ்4500 வகை கிராபிக்ஸ், டிடிஆர்2 800 ரேம் இரண்டு குச்சி போட்டால் 12.8 ஜிபியை பிராசசரோடு பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு குச்சி மட்டும் இருந்தால் 6.4. அங்கே ஜிடி 710 போட்டால் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் உண்டு, ஏனென்றால் 14.4-ம் கார்டுக்கே சொந்தம். ஜி31 போர்டு என்றால் பேச்சே இல்லை. அதன் கிராபிக்ஸ் ஒரு தலைமுறை முந்தையது, இன்றைய எஃபெக்ட்ஸைத் தாங்காது, கார்டு கட்டாயம். ஆனால் ஐ3-2100 போன்ற இரண்டாம் தலைமுறை பிராசசரில் டிடிஆர்3 1333 ரேம் இரண்டு குச்சி போட்டாலே 21.3 ஜிபி கிடைக்கிறது. நான்காம் தலைமுறையில் டிடிஆர்3 1600 என்றால் 25.6. இந்தக் கணினிகளுக்கு ஜிடி 710 வாங்குவது இருக்கிற நல்ல பைப்பை அடைத்துவிட்டு மெலிந்த பைப் போடுவது மாதிரி. அதே காசில் இரண்டாவது ரேம் குச்சி வாங்கிச் சரியான ஸ்லாட்டில் செருகினால் எஃபெக்ட்ஸும் மாறும், மற்ற வேலையும் மாறும். கடையில் இதைச் சொல்பவர் குறைவு.

லினக்ஸ் என்றால் கார்டு வாங்கக் கிளம்பும் முன் ஒரு பார்வை. செட்டிங்ஸில் 'இந்தக் கணினி பற்றி' பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால், படம் வரைவது முழுக்க பிராசசர்தான். கிராபிக்ஸ் சிப் சும்மா உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் சரியாக ஏறவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்தால் கார்டே தேவைப்படாமல் போகலாம்.

இனி உண்மையான சிக்கல்: டிரைவர். கெப்ளர் கார்டுகளுக்கு என்விடியா 2021-ல் புது டிரைவர் விடுவதை நிறுத்தியது. 2024 செப்டம்பரோடு விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தங்களும் முடிந்தன. விண்டோஸ் 10 தானாகவே பொருத்தமான பழைய டிரைவரை இறக்கிக்கொள்ளும்; கண்ணாடி விளைவுகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். (அந்த விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டது என்பது வேறு கதை.) லினக்ஸில் 470 வரிசைதான் கடைசி, 2024-ல் வந்த 470.256.02-க்குப் பிறகு எதுவும் இல்லை. கெர்னல் புதிதாக வரும்போதெல்லாம் இந்த டிரைவரின் மாட்யூலை மறுபடி கட்ட வேண்டும். ஒருநாள் கட்டுவது தோற்கும், மறுநாள் காலை கருப்புத் திரை. வேலண்டுக்குத் தேவையான ஜிபிஎம் (திரைப் படத்துக்கு மெமரி ஒதுக்கும் முறை) ஆதரவு 495 வரிசையில்தான் வந்தது. 470-ல் அது இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அதனால்தான் பிளாஸ்மா 6-க்கு இது ஆகாது என்கிறோம்.

திறந்த மூல நூவோ டிரைவர் இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் கார்டு ஓடும், வேலண்டும் வரும். ஆனால் கெப்ளரின் கிளாக் வேகம் தானாக ஏறாது. பூட் ஆகும்போதிருந்த மந்த வேகத்திலேயே கிடக்கும். கையால் ஏற்றலாம், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஏற்ற வேண்டும். பின்னால் வந்த பாஸ்கல் தலைமுறை ஜிடி 1030-ல் அந்த வழியும் அடைப்பு. என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் பாஸ்கல் சிப் வேகம் ஏறாது.

அப்படியானால் எதை வாங்குவது? லினக்ஸுக்கு ஏஎம்டி. பழைய பொருளாகக் கிடைக்கும் ரேடியான் எச்டி 5450-ன் மெமரி வேகம் ஜிடி 710-ஐ விடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. செருகி ஆன் செய்தால் போதும். எக்ஸ்எஃப்சிஇ, மேட் போன்ற எளிய டெஸ்க்டாப் வரைக்கும் அது போதுமானது. பிளாஸ்மாவின் பிளர், நெளியும் ஜன்னல், 6-ம் பதிப்பில் திரும்ப வந்த டெஸ்க்டாப் கனசதுரம் எல்லாம் வேண்டுமென்றால் 128 பிட் ஆர்7 240, அல்லது காசு இருந்தால் ஆர்எக்ஸ் 550. பின்னதன் மெமரி நொடிக்கு 112 ஜிபி. ஜிடி 710-ஐப் போல் ஏழு மடங்குக்கும் மேல். மின்சாரம் 50 வாட், அதுவும் ஸ்லாட்டிலிருந்தே.

என்விடியாதான் வேண்டும் என்பவருக்கு ஜிடி 1030. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அதே பெயரில் இரண்டு கார்டுகள்: ஜிடிடிஆர்5 போட்டது நொடிக்கு 48 ஜிபி, 2018-ல் வந்த டிடிஆர்4 போட்டது 16.8 மட்டும். அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். இதன் டிரைவர் காலமும் 580 வரிசையோடு முடிகிறது.

ஜிடி 730 இன்னும் மோசமான கண்ணி. ஒரே பெயரில் மூன்று வகை. '4 ஜிபி, 128 பிட்' என்று கவர்ச்சியாக எழுதியது பெரும்பாலும் 96 கோர் கொண்ட, கெப்ளருக்கும் முந்தைய ஃபெர்மி சிப். 49 வாட் தின்னும், லினக்ஸில் 390 வரிசையோடு நின்றுபோனது. குறைவாகத் தெரியும் '64 பிட், ஜிடிடிஆர்5' வகையில்தான் 384 கோரும் 40 ஜிபி வேகமும் இருக்கின்றன. பழைய கார்டு வாங்கினால் கடையிலேயே விண்டோஸ் கணினியில் போட்டு கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-ஸீ மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பயாஸை மாற்றி வேறு பெயர் சூட்டிய கார்டாக இருந்தால் பல சமயம் அதுவே 'ஃபேக்' என்று காட்டிவிடும்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். முதலில் பெட்டியின் வகை. டெல்லின் மிகச் சிறிய யுஎஸ்எஃப்எஃப் பெட்டியில் கிராபிக்ஸ் ஸ்லாட்டே கிடையாது. அதைவிடச் சற்றுப் பெரிய ஒல்லிப் பெட்டியில் 8 சென்டிமீட்டர் உயரத் தகடுதான் (கார்டைப் பெட்டியோடு முறுக்கிப் பிடிக்கும் உலோகத் துண்டு) நுழையும். கார்டோடு வருவது 12 சென்டிமீட்டர் தகடு. சின்னத் தகடு அட்டைக்குள் தனியாக இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும், பழைய கார்டில் பெரும்பாலும் தொலைந்திருக்கும். தகடு மாற்ற டிவிஐ துளையின் இருபுறமும் இருக்கும் அறுகோண ஸ்க்ரூவை 5 மில்லி நட் டிரைவரால் கழற்ற வேண்டும். ஜிடி 710-ல் விஜிஏ துளை ரிப்பன் கேபிளில் தொங்கும். ஒல்லிப் பெட்டியில் அதற்கென்று இன்னொரு ஸ்லாட் வாயைத் தியாகம் செய்ய வேண்டும், அல்லது ரிப்பனை உருவிவிட்டு எச்டிஎம்ஐ பயன்படுத்த வேண்டும்.

பவர் கேபிளை உருவிய பின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் இறங்கட்டும். பழைய கார்டின் பொன்னிறப் பற்களை வெள்ளை ரப்பரால் நீளவாக்கில் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். ஸ்லாட்டின் பின்முனையில் இருக்கும் கொக்கி 'டக்' என்று விழ வேண்டும். அது விழாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் தகடு கார்டை ஒரு பக்கம் தூக்கிவிடும். பாதி பற்கள் தொடும், பாதி தொடாது. படம் வராத பல கேஸ்களில் இதுதான் காரணம். இன்னொரு காரணம், மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டின் பழைய துளையிலேயே இருப்பது. கேபிளைக் கார்டுக்கு மாற்றியும் வராவிட்டால் பயாஸில் முதன்மை வீடியோ 'ஆன்போர்டு' என்று இருக்கலாம். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தி 'ஆட்டோ' ஆக்குங்கள்.

ஜிடி 1030 வாங்கி விஜிஏ மானிட்டரோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு: அதன் டிவிஐ துளையை உற்றுப் பாருங்கள். தட்டையான கீற்றைச் சுற்றி நாலு சின்ன ஓட்டைகள் இருக்காது. அனலாக் சிக்னல் வருவதே அந்த நாலில்தான். மலிவான டிவிஐ-விஜிஏ கன்வெர்ட்டர் அதில் ஏறாது, நாலு முள்ளை ஒடித்து ஏற்றினாலும் படம் வராது. உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர்தான் வேலை செய்யும்.

விசிறியா, விசிறி இல்லாததா என்பது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இளம்பிள்ளை பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் ஜக்கார்டு டிசைன் போடும் கணினிக்கு விசிறி இல்லாததே மேல். பஞ்சுத் தூசி அந்தச் சின்ன விசிறியைச் சில மாதத்தில் பிடித்துவிடும். சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி அலுவலகத்தில் மாவுத் தூசி ஈரத்தோடு சேர்ந்து பசையாகும். அங்கேயும் அப்படியே, ஹீட் சிங்கை மாதம் ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். கொலுசுப் பட்டறையில் பறப்பது உலோகத் தூசி, மின்சாரம் கடத்தும். அங்கே எந்தக் கார்டானாலும் சிபியுவை வேறு அறைக்கு மாற்றுவதுதான் வழி. ஆனால் ஏப்ரல், மே வெயிலில் மூடிய மேசை அறைக்குள் ஒல்லிப் பெட்டியைத் தள்ளிவிட்டு விசிறி இல்லாத கார்டு போடக் கூடாது. காற்று நகர வழியில்லாமல் சூடு தேங்கி கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் வழுக்கிய மெனு மதியம் திக்கும். ஏற்காட்டில் சூடு பிரச்சினையில்லை, மூடுபனிதான். ஈரத்தில் பற்கள் மங்கும், ஆறு மாதம் கழித்துத் திடீரென்று திரையில் கோடு விழும். கார்டு போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் கழற்றி, ரப்பர் போட்டுச் செருகிப் பாருங்கள்.

470 டிரைவரோடு எக்ஸ் 11-ல் ஓட்டுபவர்கள் ஜன்னலை இழுக்கும்போது படம் குறுக்கே கிழிவதைப் பார்ப்பார்கள். என்விடியா செட்டிங்ஸில் 'முழு காம்போசிஷன் பைப்லைன்' போட்டால் கிழிசல் நிற்கும். ஆனால் அதுவும் அந்த 14.4-லிருந்துதான் தின்னும், அதனால் பிளரை அணைத்துவிட்டுப் போடுங்கள். எச்டிஎம்ஐயில் டிவியை மாட்டி ஓரம் வெட்டுப்பட்டால் டிவி மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது '1:1' தேர்வு செய்யுங்கள், கார்டில் குறையில்லை.

வாங்கும்போது சிபியுவையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது நல்லது. யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புது பூட் முறை) இல்லாத பழைய பயாஸ் போர்டில் புது கார்டுகள் சில பூட் திரையே காட்டாது, அதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். எழுதாத பில்லுக்கு வாரண்டி கேட்டுப் போனால் "இது எங்க கார்டுதானான்னு தெரியலீங்களே" என்பார்கள்.