கொத்துக்கடை எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும்? எங்கள் ஏ9 சந்தியின் நான்கு தெரிவுகள்

ஏ9 என்கிற கண்டி–யாழ்ப்பாண வீதியில் இருக்கும் எங்கள் சந்தியின் கொத்துரொட்டிக் கடைக்காரர் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். உரிம நிபந்தனையில் இரவு 10 மணி என்று இருக்கிறது. அதை அதிகாலை 2 மணி ஆக்கித் தரும்படி கேட்கிறார். சபை எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறது. சங்கச் செயலாளர் என்பதால் பதில் எழுத வேண்டியவன் நான். இரண்டு கிழமையாக இதே யோசனைதான். சரி, யோசித்ததை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிடுகிறேன். இன்றைக்கு எங்களுக்கு வந்த கேள்வி நாளைக்குப் பரந்தனுக்கும் புளியங்குளத்துக்கும் வரும்.

கடை முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், வீதியின் மேற்குப் பக்கம் இருக்கிறது. பின்னால் வேலியோடு வேலியாக ஐந்து வீடுகள். யாழ்ப்பாணத்தில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வெளிக்கிடும் கொழும்பு பஸ்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு எங்கள் சந்திக்கு வரும்போது பத்து மணி தாண்டிவிடும். பதினொன்றரை வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். கொழும்பில் இருந்து வருபவை இங்கே சேர மூன்று, நான்கு மணியாகும். இடைப்பட்ட நேரத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கும். இந்த நேரக்கணக்கைக் கடைக்காரரும் கடிதத்தில் எழுதவில்லை, எதிர்ப்பவர்களும் கதைக்கவில்லை. எனக்கு அதுதான் முதலில் பட்டது.

இப்போது இருக்கிறபடியே பத்து மணிக்குப் பூட்டட்டும் என்பது முதல் தெரிவு. பின்வீட்டு அக்காவின் விறாந்தையில் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரை தொடக்கம் உட்கார்ந்திருந்தேன். கொத்துப் போடும் சத்தத்தைக் கடைக்கு முன்னால் நின்று கேட்டால் பசிதான் எடுக்கும். இரும்புக் கல்லில் ரொட்டியைக் கொத்தும் இரண்டு தகடும் மாறி மாறி விழும்போது அதில் ஒரு தாளம் இருக்கும். வேலிக்குப் பின்னால் அந்தத் தாளம் இல்லை. ஓலைவேலியும் ஒரு தகரச் சுவரும்தான் மறைப்பு. ஒவ்வொரு அடியும் தகரத்தில் பட்டு இன்னும் கூர்மையாகத் திரும்பி வருகிறது. உள்ளே அக்காவின் தாயார், பக்கவாதத்தில் படுத்திருப்பவர், அடி விழும்போதெல்லாம் கண்ணைத் திறந்து திறந்து மூடினார். மேசையில் உயர்தரம் எழுதப் போகும் மகள், காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள்.

"கடை திறந்திருக்கிறது எனக்குப் பிரச்சினை இல்லைத் தம்பி. அதுவும் பிழைக்கத்தானே வேணும். அந்தத் தகட்டைத்தான் தாங்கேலாமல் கிடக்கு" என்றார் அக்கா.

அவர் பக்கம் சட்டமும் நிற்கிறது. 1996 ஆம் ஆண்டு இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபெல், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை 45 டெசிபெல்தான் அனுமதி. 45 என்பது மெல்லக் கதைக்கும் அளவு. இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம் அதற்குள் அடங்காது. பொதுத்தொல்லை என்று நீதவானிடம் போவதற்குக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவும் இருக்கிறது. அக்கா ஒருநாள் அந்த வழியில் போனால் கடைக்காரர் நான்கு மணித்தியாலம் கேட்டு, இருப்பதையும் இழக்கலாம்.

இவ்வளவு இருந்தும் பத்து மணிக் கோட்டுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். காரணம், அந்தக் கோடு இப்போதே செத்துவிட்டது. பத்து மணிக்கு முன் லைற்றை அணைப்பார்கள், ஷட்டரைப் பாதி இறக்குவார்கள், உள்ளே வியாபாரம் நடக்கும். பஸ்ஸில் வந்தவர்கள் இருட்டில் குனிந்து பார்சல் வாங்குகிறார்கள். கை கழுவும் இடமும் இருட்டு, குப்பைத்தொட்டியும் உள்ளே போய்விட்டது. சாப்பிட்ட லஞ்ச் சீற்றை வீதியோரம் எறிந்துவிட்டுப் போகிறார்கள். கழிவுப் பொலித்தீனைத் தின்னக் கட்டாக்காலி மாடுகள் வருகின்றன, பிறகு சூட்டுக்காகத் தார் வீதியில் படுக்கின்றன. இரவு பஸ் ஓட்டும் எந்தச் சாரதியைக் கேட்டாலும் வன்னி வீதியில் அவர் பயப்படுவது இந்த மாட்டுக்குத்தான் என்பார். திறந்த கதவோடு நடக்க வேண்டியதை ஒளித்து நடக்க வைத்த நிபந்தனை ஒருவருக்கும் காவல் இல்லை.

அடுத்தது கடைக்காரர் கேட்கும் 2 மணி. அவருடைய நியாயத்தையும் சொல்ல வேண்டும். "அண்ணை, பத்துக்குப் பிறகுதான் சனமே இறங்குது. பூட்டு எண்டால் நான் ஆருக்கு விக்கிறது?" என்று கேட்டார். உண்மைதான். காலபோக அறுவடை நாட்களில் வெட்டு மெசின்காரரும் நெல் ஏற்றும் லொறிக்காரரும் வயலால் வந்து சேரவே பத்தரை ஆகும். அவர்களுக்கு வேறு கடையும் இல்லை. ஆனால் இந்த நியாயம் பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டுக்குப் பிறகு பஸ் இல்லை, வயலும் ஓய்ந்துவிடும். வருபவர்கள், சாராயக்கடை பூட்டியபின் எங்கேயாவது இருந்து குடித்து முடித்தவர்கள். அவர்களும் மனிதர்தான், அவர்களுக்கும் பசிக்கும். ஆனால் சந்தியில் நடந்த சண்டைகள் எந்த நேரத்தில் நடந்தன என்பது ஊருக்குத் தெரியும்.

சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு இறக்கிய கோழிக்கறி அதிகாலை 2 மணிக்கு ஒன்பது மணித்தியாலக் கறி. சமைத்ததை அறைச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 பாகை செல்சியசுக்கு மேல் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. எங்கள் கடையில் கறிச்சட்டி அடுப்பின் ஓரத்தில் மூடியோடு இருக்கும். கொத்துக்கு ஒரு அகப்பை எடுப்பார்கள், மறுபடி மூடுவார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பகலில் வந்து தரம் போட்டுவிட்டுப் போகிறார். நடுச்சாமத்தில் அந்தச் சட்டியை ஆர் பார்ப்பது?

அப்புறம் வேலை செய்பவர்கள். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. மேலதிக நேரமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. கொத்துப் போடும் தம்பி காலை பதினொன்றுக்கு மா பிசையத் தொடங்குகிறார். 2 மணி என்றால் அவருக்குப் பதினைந்து மணித்தியாலம். இரண்டாவது ஆளை வைப்பேன் என்று கடைக்காரர் சொல்கிறார். கடிதத்தில் அது இல்லை. எழுத்தில் இல்லாததை நம்பி அந்தத் தம்பியின் தோளை நான் அடகு வைக்க முடியாது.

மூன்றாவது யோசனையைச் சங்கத் தலைவர் சொன்னார்: திருவிழாக் காலத்துக்கு மட்டும் கொடுப்போம். வற்றாப்பளைப் பொங்கல், புதூர்ப் பொங்கல், ஆவணி மடுத் திருவிழா. அந்த நாட்களில் விடிய விடியச் சனம் நடமாடும், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அது ஆண்டில் சில இரவுகளுக்கான பதில். மற்ற இரவுகளில் பழைய பாதி ஷட்டர்தான்.

நான் நாடகமாடாமல் சொல்லிவிடுகிறேன்: என் மனம் நான்காவது தெரிவில் நிற்கிறது. கடை பூட்டும் நேரம் வேறு, தகடு ஓயும் நேரம் வேறு. இரண்டையும் ஒரே மணிக்கூட்டில் கட்டியதால்தான் இந்தச் சண்டை. தகடு பத்து மணிக்கு ஓயட்டும். கடை நள்ளிரவு 12 மணி வரை வெளிச்சத்தோடு, முழு ஷட்டரும் திறந்தபடி, பார்சல் கொடுக்கட்டும். இடியப்பம், சொதி, வீச்சு ரொட்டி, முட்டை ரொட்டி, ரோல்ஸ், பிளேன்ரீ. ஒன்றுக்கும் தகடு தேவையில்லை. இடியப்பத்தைப் பத்து மணிக்கு ஒருமுறை புதிதாக அவித்தால் பன்னிரண்டு மணியோடு முடியும். சொதியையும் கறியையும் குறைந்த நெருப்பில், அடுப்பின் நடுவில் வைக்க வேண்டும், ஓரத்தில் அல்ல.

கடைக்காரருக்கு இதில் நட்டம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. கொத்தில் வரும் இலாபம் இடியப்பத்தில் வராது. பஸ்ஸில் இறங்குபவர்களும் முதலில் கேட்பது கொத்துத்தான். ஆனால் பத்து நிமிடம் நிற்கும் பஸ்ஸில் கொத்துக்குக் காத்திருக்க முடியாமல் வெறுங்கையோடு ஏறிப் போனவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கட்டி வைத்த பார்சல் அரை நிமிடத்தில் கைமாறும்.

பஸ்களும் கடைக்கு முன்னால் நிற்கக் கூடாது. நூறு மீற்றர் தெற்கே, பழைய நெற்களஞ்சியத்துக்கு முன்னால் அகலமான இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தி இயந்திரத்தை அணைக்க வேண்டும். இப்போது கொத்து ஓய்ந்தபின் அக்கா வீட்டில் கேட்கும் அடுத்த சத்தம் அந்த டீசல் இயந்திரங்கள்தான்.

லண்டனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் சித்தப்பா மகனிடம் இதைப்பற்றிக் கதைத்தேன். அங்கே இரவு 11 மணிக்கும் அதிகாலை 5 மணிக்கும் இடையில் சூடான சாப்பாடோ பானமோ விற்க 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி உரிமம் வேண்டும். நேரத்தைக் கூட்டக் கேட்டால் வெளிர்நீலத் தாளில் அறிவித்தல் எழுதிக் கடை வாசலில் ஒட்ட வேண்டுமாம். 28 நாளுக்குள் அயலவர் எழுதிக் கொடுக்கலாம். எதிர்ப்பு வந்தால் நகரசபை உறுப்பினர்கள் இருந்து இரு பக்கத்தையும் கேட்பார்கள். குற்றம், பாதுகாப்பு, பொதுத்தொல்லை, பிள்ளைகளின் நலன் ஆகிய நான்கையும் வைத்துத்தான் தீர்ப்பு. முடிவு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். எனக்குப் பிடித்தது அந்த வாசல் அறிவித்தல். எங்கள் சந்தியில் பின்வீட்டு அக்காவுக்கு இந்தக் கடிதம் போன விஷயம் நான் சொல்லித்தான் தெரியும்.

இதை எங்கள் சபையும் செய்யலாம். 2023 மார்ச் தொடக்கம் உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்களின் கையில் இருந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கு, 2025 மே தேர்தலோடு மறுபடி ஆட்கள் வந்திருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வந்தபோது எங்கள் விறாந்தைகளில் இருந்து பிளேன்ரீ குடித்தவர்கள், இரவு பத்தரைக்கு ஒருமுறை அக்காவின் விறாந்தையில் வந்து இருக்கட்டும். கடையின் கல்லடியிலும் நிற்கட்டும். இரண்டு இடத்திலும் நின்றபிறகு கை உயர்த்தட்டும்.

வியாபார உரிமம் எப்படியும் டிசம்பர் 31 வரைதான். அதனால் நேரத்தை முதலில் மூன்று மாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன். இரவுக்கு இரண்டாவது ஆள் வைத்தபிறகுதான் 12 மணி தொடங்கும். பதினெட்டு வயதாகாத எவரும் பத்து மணிக்குப் பிறகு கடையில் நிற்கக் கூடாது. கழிவுத்தொட்டி இரண்டு, ஒன்று களஞ்சியத்தடியில். பரிசோதகர் ஒருமுறையாவது இரவு பதினொரு மணிக்கு வரவேண்டும்.

நேற்றுக் கடைக்காரரிடம் வரைவை வாசித்துக் காட்டினேன். கல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தகட்டைப் பதினொண்டு ஆக்கேலாதோ அண்ணை?" என்றார். ஏலாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு இடியப்பத் தட்டு எத்தனை வாங்க வேண்டும் என்று கொத்துப் போடும் தம்பியிடம் கேட்டார். கடிதம் திங்கட்கிழமை சபைக்குப் போகிறது.