மாலைச் செய்தியில் மருந்து விளம்பரம்: அமெரிக்காவும் பிரிட்டனும்

அமெரிக்காவில் மாலை 6.30 மணிச் செய்தியில் இடைவேளை வந்தால், தாத்தா பேரனோடு பூங்காவில் சிரித்தபடி நடப்பார். பின்னணிக் குரல் பக்கவிளைவுகளை மளமளவென்று ஒப்பிக்கும். அப்புறம், "உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்." 1997-இல் விதிகள் தளர்ந்தபின் பெருகிய வெள்ளம் இது. இப்படி விளம்பரமாகக் கொட்டிய வயாக்ஸ் என்ற மூட்டுவலி மாத்திரை, மாரடைப்பு ஆபத்தால் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது.

இதைவிட எனக்கு பிரிட்டன் வழிதான் சரியாகப் படுகிறது. அங்குள்ள ஐடிவியும் விளம்பரத்தில் பிழைக்கும் சேனல்தான். ஆனால் டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்தைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய அங்கே சட்டம் விடாது. பிபிசியோ, டிவி பார்க்க வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் ஓடுகிறது.

அமெரிக்காவிலோ, செய்தியை அடக்க மருந்து கம்பெனி யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. மருந்து விலை பற்றிய செய்தியைத் தொடும்போதே, அடுத்த இடைவேளையில் யார் விளம்பரம் வரும் என்பது செய்தி ஆசிரியருக்குத் தெரியும்.