அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்க: வட்டமா, ஜோடியா?

நடுநிலைப்பள்ளி வளாகத்துக்குள்ளேயே அங்கன்வாடி இருந்தால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒருநாள் சின்னவர்களுக்குக் கதை வாசிக்க அனுப்புவது எளிது. எப்படி உட்கார வைப்பது என்பதில்தான் குழப்பம். ஒரு அக்கா முன்னால் உட்கார்ந்து இருபது பேருக்கு வாசிக்கலாம். அல்லது ஆளுக்கு ஒரு குழந்தை, மிஞ்சிப்போனால் இரண்டு என்று பிரித்துவிடலாம். எங்கள் ஓட்டு ஜோடிக்கு.

வட்டத்தில் வேலை குறைவு. ஒரே புத்தகம், ஒரே பாய். திரும்பத் திரும்ப வரும் வரியைக் கூட்டமாகக் கத்திச் சொல்லும் கதைக்கு அதுவே பொருத்தம். ஆனால் சின்னப் புத்தகத்தின் படம் இரண்டாம் வரிசைக்குத் தெரியாது. படத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பினால் வாசிப்பவர் கழுத்தை வளைத்துப் படிக்க வேண்டும், வரி தவறும். கதை மனப்பாடமான பிள்ளைதான் தப்பிக்கும். அதனால் வாராவாரம் வகுப்பின் அதே இரண்டு கெட்டிக்காரர்களே போவார்கள்.

ஜோடியாகப் பிரித்தால் தடுமாறிப் படிப்பவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். எங்களுக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையனிடம் பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகத்தை நீட்டினால் கூசுவான். ‘பாப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்’ என்று கொடுத்தால் அதையே நாலு தடவை படித்துப் பார்ப்பான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எளிய நிலைகளான ‘நுழை’, ‘நட’ இதற்குச் சரியாக இருக்கும்.

ஒத்திகை இல்லாவிட்டால் ஜோடி முறை கவிழ்ந்துவிடும். புத்தகம் முந்தின நாளே கைக்குப் போகட்டும். பெரிய பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டட்டும். தடுமாறும் மூன்று நான்கு பேரை மட்டும் ஆசிரியர் கேட்டால் போதும். கேட்கும்போது உச்சரிப்பைவிட வேகத்தைக் கவனியுங்கள். வரி முடிந்த கையோடு பக்கத்தைப் புரட்டுவார்கள், குழந்தை படத்தைப் பார்த்திருக்கவே மாட்டாது. புரட்டுவதைக் குழந்தையிடமே விட்டால் பாதி சரியாகும். புத்தகம் குழந்தையின் மடியில், அண்ணன் பக்கத்தில். நிறுத்திக் கேள்வி கேட்க ஓரிடத்தை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும். பக்கத்துக்குப் பக்கம் ‘இது என்ன?’ என்றால் கதை பரீட்சையாகிவிடும்.

பத்து நிமிடம் தாராளம். ஒரு பருவம் முழுக்க ஜோடியை மாற்றாதீர்கள். லீவு போடுபவர்களுக்குப் பதிலாக இரண்டு பேர் கூடுதலாகத் தயாராக இருக்கட்டும். சத்தம் இருக்கத்தான் செய்யும். ஓர் அறையில் ஆறு ஜோடிக்கு மேல் வேண்டாம், மீதிப் பேர் வராந்தாவுக்குப் போகட்டும். மூன்று வயது நிரம்பாதவர்களிடம் இது எவ்வளவு தூரம் எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். அவர்களுக்கு இப்போதைக்கு டீச்சரின் பாட்டே இருக்கட்டும்.